சிஸ்டர் பார்த்த ஆலா

சிஸ்டரின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டங்கள் பிரித்திருக்கும். நேரம், காற்று, பறவை, பார்த்தது, பார்க்காதது. முதல் நான்கும் பறவை பார்க்கிற எல்லோரும் எழுதுவதுதான். ஐந்தாவது கட்டத்தை நான் வேறு யாருடைய நோட்டிலும் கண்டதில்லை. 'வால் கவனிக்கவில்லை', 'குரல் கேட்கவில்லை', 'திரும்பி உட்கார்ந்திருந்ததால் மார்பு தெரியவில்லை' என்று அதில் நீல மையில் குண்டு குண்டாக எழுதியிருப்பார். காகத்துக்குக்கூட அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டதில்லை. முதன்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்காததையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நோட்டு பத்தாதே என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோயாளிக்கு வாந்தி இல்லை, வலி இல்லை என்பதையும் எழுதித்தானே ஆகவேண்டும், எழுதாமல் விட்டால் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் எதை நம்புவாள் என்று திருப்பிக் கேட்டார். ஆனாலும் டீக்கடையில் என்னோடு பறவை பார்க்க வருகிறவர்களிடம் அந்த ஐந்தாவது கட்டத்தைச் சொல்லிச் சிரித்தேன்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடங்களுக்கு மேல் நர்ஸாக இருந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சூலூரில் குளத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் குளக்கரைக்கு வந்தவர், எத்தனை சுற்று நடந்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு எத்தனை பறவை என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில், பறவை பார்க்க வந்திருந்த எங்கள் குழுவைக் கரையில் வழிமறித்து, தண்ணீரில் கறுப்பாக, நெற்றியில் வெள்ளை வைத்துக்கொண்டு நீந்துகிறதே அது என்ன என்று கேட்டார். நாமக்கோழி என்றேன். சற்று நேரம் அதையே பார்த்தார். நாமம் என்றால் மேலே ஏற வேண்டுமே, இது பெரிய பொட்டு அளவுக்குத்தானே இருக்கிறது என்றார். பார்த்ததைப் பார்த்தபடிதான் சொல்லவேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பிடிவாதம். எனக்கு அது வேடிக்கையாகவும், சில சமயம் எரிச்சலாகவும் இருந்தது.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறவன். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தப்பினால் பட்டறையில் இருப்பவர்கள் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். அதனாலோ என்னவோ, பறவைகள் விஷயத்திலும் நான் கறார் பேர்வழி என்று பெயர் வாங்கியிருந்தேன். பார்த்த பறவைகளின் பட்டியலை ஊர் ஊராக எல்லோரும் ஏற்றிவைக்கிற இணையதளம் ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்தில் யாராவது அபூர்வமான பறவையைப் பார்த்ததாகச் சொன்னால் அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிற சரிபார்ப்பு வேலை என்னிடம் இருந்தது. சம்பளமில்லாத வேலைதான். ஆனால் அதில் இருந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். படம் இல்லையா, தள்ளு. கூடவே பார்த்த இன்னொரு ஆள் இல்லையா, தள்ளு. இதுதான் என் சட்டம்.

இந்தச் சட்டம் சிஸ்டருக்கு எப்போதுமே பாதகமாக இருந்தது. நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தைச் சுற்றுவோம். எட்டரை மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்து, போன வாரப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து, எண்களை மட்டும் மாற்றி ஏற்றிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் சர்ச்சுக்குப் போய்விடுவார். ஆராதனையை விட்டுவிட்டுக் கொக்கு எண்ண வருவதா என்பார். அவருடைய நாள் திங்கட்கிழமையில் தொடங்கிச் சனிக்கிழமையில் முடியும். நாங்கள் யாரும் அந்த நாட்களில் வரமாட்டோம். அவரிடம் கேமரா கிடையாது. பழைய பைனாகுலர் ஒன்று, மடக்கு நாற்காலி ஒன்று, அந்த நோட்டு, இடது கையில் நொடிமுள் வைத்த கடிகாரம், இவ்வளவுதான். அதனால் அவர் பார்த்தது எதற்கும் இரண்டாவது சாட்சி இருந்ததில்லை. ஆறு வருடங்கள், மழை நாள் தவிர ஒருநாள் விடாமல், அந்தக் குளத்தின் வார நாட்களை ஒற்றை ஆளாக எழுதிவைத்தார்.

அவருடைய வேலைக் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் ஒருமுறை சொன்னார். வார்டில் ஒரு நோயாளிக்கு எட்டு மணிக்குப் போடவேண்டிய ஊசி ஒன்பதே முக்காலுக்குப் போடப்பட்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனாலும் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டில் எட்டு மணி என்று எழுதச் சொன்னார். இவர் எழுதவில்லை. மறுநாள் மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னார்கள், அப்போதும் எழுதவில்லை. துணி வெளுக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளிகளைத் தொடாமல் இரண்டு வருடங்கள் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "போர்வையும் சரியாத்தானுங்க எண்ணுனேன்" என்றார். அந்த வார்த்தையை ரசித்துச் சிரித்தேனே தவிர, ஒரு மனுஷி தன் எழுத்துக்காக என்ன விலை கொடுத்திருக்கிறார் என்று அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இப்போது அந்த ஆலாவுக்கு வருகிறேன். ஆலா என்பது நீர்நிலைகளின் மேல் பறந்து மீன் பிடிக்கிற, கூரிய சிறகும் பிளந்த வாலும் உள்ள பறவை. எங்கள் குளத்துக்கு வழக்கமாக வருவது ஆற்று ஆலா. அதில் ஏறக்குறைய பாதி அளவே உள்ள குட்டி ஆலாக்கள் இரண்டு வகை உண்டு. ஒன்று சிறு ஆலா. கடலோரத்தில் வாழ்ந்தாலும் ஆற்றிலும் உள்நாட்டு ஏரியிலும் எப்போதாவது எட்டிப்பார்க்கும். இன்னொன்று சாண்டர்ஸ் ஆலா. அது கடலை விட்டு நகராத பறவை. அரபிக்கடலின் கரைகளில் வெறும் மணலில் முட்டையிடும், குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் கரையோரமாகவே வலசை போகும், உப்புத் தண்ணீரில்தான் அதன் பிழைப்பு. உள்ளங்கையில் வைத்தால் ஒரு சாவிக்கொத்தின் கனம்தான் இருக்கும். அது கடலின் மேல் எப்படிக் காற்றைச் சமாளிக்கிறது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது பறவை பார்க்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி. குளிர்காலத்தில் இரண்டுக்கும் அலகு கறுத்துவிடும், அப்போது முயற்சி செய்வதே வீண். இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு, தலையில் கறுப்புத் தொப்பி, நெற்றியில் வெள்ளை. சிறு ஆலாவுக்கு அந்த வெள்ளை கூர்மையாகக் கண்ணுக்கு மேல் வரைக்கும் ஓடும். சாண்டர்ஸுக்குக் கண்ணுக்கு முன்னாலேயே வெட்டினாற்போல நின்றுவிடும். சிறகின் வெளி இறகுகள் இதற்கு அதிகக் கறுப்பு. முதுகின் சாம்பல் நிறம் வால் வரைக்கும் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது கால். சிறு ஆலாவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு, சாண்டர்ஸுக்கு மங்கலான பழுப்பு. ஆனால் பறக்கும்போது காலை மடித்து வயிற்றில் செருகிக்கொள்ளும் பறவையிடம் காலைப் பார்ப்பது எப்படி. அனுபவசாலிகளே இரண்டில் ஒன்று என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த வருடம் ஆனி மாதக் காற்று கடுமையாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலைத்தொடரில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற இடைவெளி வழியாக அரபிக்கடலின் காற்று நேராக எங்கள் மேல்தான் வந்து இறங்கும். கொடியில் துணி நிற்காது. வண்டியில் போனால் ஹெல்மெட்டோடு தலை ஒரு பக்கம் இழுக்கும். அப்படியொரு திங்கட்கிழமை காலையில், குளத்தில் மீன் பிடிப்பவர்கள் நட்டுவைத்திருந்த கழிகளில் ஒன்றின் மேல் ஒரு குட்டி ஆலா வந்து உட்கார்ந்ததைச் சிஸ்டர் பார்த்தார். பதினோரு நிமிடம் அது உட்கார்ந்திருந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து எழுதினார். அன்று மத்தியானமே குறிப்பை இணையதளத்தில் ஏற்றினார். பறவையின் பெயர் என்ற இடத்தில் சாண்டர்ஸ் ஆலா என்றிருந்தது.

அந்தக் குறிப்பு எனக்கு மனப்பாடம். 'தலை கறுப்பு. நெற்றியில் வெள்ளை, கண்ணைத் தொடவில்லை, சதுரமாக நிற்கிறது. அலகு மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு. கழுத்து, மார்பு வெள்ளை. முதுகு சாம்பல். சிறகு மடித்திருக்கும்போது ஓரத்தில் மூன்று இறகுகள் நல்ல கறுப்பு. கால் சேற்று நிறம், ஆரஞ்சு இல்லை, இரண்டு முறை பார்த்தேன். வால் மேல்புறம் கவனிக்கவில்லை. குரல் கேட்கவில்லை.' இதைவிட ஒழுங்கான குறிப்பு என் கைக்கு வந்ததே இல்லை. எனக்கு உறுத்தியதும் அந்த ஒழுங்குதான். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என்னுடைய பறவைக் கையேட்டை அவருக்கு இரவல் கொடுத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் சாண்டர்ஸ் ஆலாவைப் பற்றிய பத்தி நெற்றியில் ஆரம்பித்துக் காலில் முடிகிறது. இவருடைய குறிப்பும் அதே வரிசையில் போகிறது. கடலே இல்லாத மாவட்டத்தில், தனி ஆளாக, படம் இல்லாமல், புத்தகத்தின் வரிசையில் ஒரு கடல் பறவை. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. சிறு ஆலா என்று போட்டிருந்தால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிருப்பேன்.

கம்பெனி கேன்டீனில் டீ ஆறுவதற்குள் பதிலைத் தட்டிவிட்டேன். குறிப்பு புத்தகத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது, ஏற்க இயலாது என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். சிஸ்டரும் இருந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில், சிஸ்டர் கையேட்டை மனப்பாடம் செய்து பரீட்சையே எழுதிவிட்டார், நூற்றுக்கு நூறு என்று வேடிக்கையாக ஒரு வரி போட்டேன். நான்கைந்து பேர் சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் அடுத்த வாரம் பென்குயின் வருமா என்று கேட்டார். மாலையில் சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. 'சரிங்க தம்பி' என்று இரண்டே வார்த்தை. நான் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். கையேடு அந்த வார ஞாயிற்றுக்கிழமை, பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு, டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தது.

அந்த மாத முடிவில் குளத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்தபோது எண்ணிக்கை படுபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிஸ்டரின் பட்டியல்கள் ஒன்றுகூட இல்லை. ஆறு வருடத்தின் வார நாட்கள் முழுவதையும் அவரே அழித்துவிட்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு சின்னக் கேலிக்கு இவ்வளவு வீம்பா என்று மனைவியிடம் புலம்பினேன். ஃபோன் செய்யவேண்டும் என்று தோன்றியது, செய்யவில்லை. அடுத்த வாரம் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவர் சூலூர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் காரமடையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். போய்விட்டார் என்று கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

மூன்று வருடங்கள் ஓடிவிட்டன. போன வருடம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த அன்று ஒரு நர்ஸ் வந்து பரிசோதித்து எழுதிக்கொண்டிருந்தார். தலை, கண், நாக்கு, கழுத்து, மார்பு, வயிறு, கடைசியில் பாதத்தை அழுத்திப் பார்த்து வீக்கம் இல்லை என்று எழுதினார். வயிற்றில்தானே கோளாறு, எதற்குத் தலையில் ஆரம்பிக்கிறீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "அப்பிடித்தானுங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. மேல இருந்து கீழ. இல்லாட்டி ஏதாச்சும் உட்டுப்போயிருமுங்க" என்றார். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நாமக்கோழியையும் காகத்தையும்கூடச் சிஸ்டர் தலையில் தொடங்கிக் காலில்தான் முடித்திருந்தார். ஆறு வருடம் அவருடைய குறிப்புகளை வாசித்தவன் நான். அது புத்தகத்தின் வரிசை அல்ல, அவர் வாழ்நாள் முழுவதும் மனித உடம்புகளைப் பார்த்த வரிசை. புத்தகமும் அதே வரிசையில் இருந்தது, அவ்வளவுதான்.

மனைவி வீட்டுக்கு வந்து தேறிய பிறகு, ஒரு விடுமுறை நாளில் பழைய படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்கை எடுத்தேன். சிஸ்டர் பார்த்தது திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதே குளத்தில் இருந்தோம். அன்றைய என் பட்டியலில் ஆற்று ஆலா ஐந்து, அதில் ஒன்று இளசு என்று இருந்தது. படமும் இருந்தது. மீன்காரர்களின் கழிகளில் நான்கு ஆற்று ஆலாக்கள் காற்றை எதிர்த்து உட்கார்ந்திருக்கின்றன. நான்காவதற்குப் பின்னால், பாதி மறைந்தாற்போல, ஐந்தாவது. இளசு என்று நான் எழுதியது அதைத்தான். பெரிதாக்கினேன். மஞ்சள் அலகு. நுனியில் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சதுரமாக நின்றுபோன வெள்ளை நெற்றி. ஆற்று ஆலாவின் இளசுக்கு இப்படி இருக்கவே இருக்காது என்பது பறவை பார்க்க ஆரம்பித்த ஆறாவது மாதம் தெரிந்துவிடும். அன்று டீக்கடையில் போன வாரப் பட்டியலை நகல் எடுத்து, நான்கை ஐந்தாக்கிவிட்டு வடை தின்றுகொண்டிருந்திருக்கிறேன். பறவை என் லென்ஸுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை. சிஸ்டர் மறுநாள் வந்து பார்த்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை காரமடைக்குப் போனேன். அந்தப் படத்தையும், நிராகரித்தபோது என் மின்னஞ்சலில் தங்கிப்போன அவருடைய குறிப்பையும் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது வீடு. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்த தம்பி மனைவி என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னார். சிஸ்டர் வந்தார். இளைத்திருந்தார், தடித்த கண்ணாடி புதிதாக இருந்தது. கையில் கடிகாரம் இல்லை. "வாங்க தம்பி, இந்த வெயில்ல வந்திருக்கீங்களே" என்று சாதாரணமாகத்தான் வரவேற்றார். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்ததைச் சொன்னதும், தையல் பிரித்தாயிற்றா, கனமாக எதையும் தூக்கவிடாதீர்கள் என்றார். பின்பக்கத்து வேப்ப மரத்தில் செம்போத்து ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆறு வருடம் பழகியவன் என்பதால் அவர் தலையைத் திருப்புவார் என்று காத்திருந்தேன். திருப்பவில்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், நீங்கள் பார்த்தது சரி, நான்தான் தப்புச் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று, தலையிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தார். நெற்றியில் விரலை வைத்தார். பிறகு விரல் கீழே இறங்கி, முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய ஆலாவின் முதுகில் வந்து நின்றது. அதற்குப் பின்னால்தான் குட்டியின் கால்கள் மறைந்திருந்தன.

"கால் தெரியலீங்களே தம்பி" என்றார். "இத வெச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாதுங்க. குட்டி ஆலா ஒன்னுன்னு மட்டும் எழுதுங்க. அதுக்கு மேல எழுதாதீங்க."

நான் அவருடைய குறிப்பை நீட்டினேன். காலைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்களே, சேற்று நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு முறை பார்த்தேன் என்றுகூட இருக்கிறதே, படமும் இந்தக் குறிப்பும் சேர்ந்தால் யாராலும் மறுக்க முடியாது, உங்கள் பெயரிலேயே ஏற்றிவிடுகிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல முழுவதும் படித்தார். காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எழுதுனது நாந்தானுங்க. பாத்தனான்னுதான் தெரியலீங்க" என்றார். "நீங்க அப்பிடிச் சொன்னதுக்கப்புறம் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். எடது கண்ணுல புரைன்னாங்க. அப்பத்தான் நீங்க சொன்னது செரியா இருக்கும்னு பட்டுது. புத்தகத்துல படிச்சதே கண்ணுக்கு வந்திருக்கும். ஒன்னு அப்பிடின்னா மத்ததெல்லாம் எப்பிடிங்க நம்பறது. அதான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன்."

வீம்பு என்று நான் நினைத்தது வீம்பே இல்லை. அவர் என்மேல் கோபப்பட்டு அழிக்கவில்லை. என்னை நம்பி அழித்திருக்கிறார். பெரிய டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லியும் அசையாத மனுஷி, டீ ஆறுவதற்குள் நான் தட்டிவிட்ட ஒரு வரியைக் கேட்டுத் தன் கண்ணைத் தானே சந்தேகித்திருக்கிறார். அந்த நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். புரை இடது கண்ணில்தானே, வலது கண் நன்றாகத்தானே இருந்தது, படத்தில் நெற்றி நீங்கள் எழுதியபடியே இருக்கிறதே என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். நெற்றியை ஒப்புக்கொண்டார். காலை ஒப்புக்கொள்ளவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதெல்லாம் பெரிய வார்த்தை, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உள்ளே போனார். அரிசிம்பருப்புச் சாதமும் அப்பளமும் பரிமாறினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெய் போதுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே செய்தேன். என்னுடைய பழைய பட்டியலைத் திறந்து ஆற்று ஆலாவை நான்காகக் குறைத்தேன். அதன் கீழே சிறு ஆலா அல்லது சாண்டர்ஸ் ஆலா, ஒன்று என்று சேர்த்துப் படத்தை இணைத்தேன். மறுநாள் இதே பறவையை ஒருவர் பதினோரு நிமிடம் அருகிலிருந்து பார்த்து விரிவாக எழுதியிருந்தார், அந்தக் குறிப்பை நான் தவறாக நிராகரித்தேன் என்றும் எழுதினேன். அவருடைய பெயரைப் போட அவர் சம்மதிக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் அதையே எழுதினேன். பென்குயின் வருமா என்று கேட்டவர் கைதட்டுகிற படம் போட்டு, சாண்டர்ஸாக இருந்தால் மாவட்டத்துக்கே முதல் பதிவு, வாழ்த்துகள் என்றார். நிராகரித்தேன் என்ற வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் சொந்தப் பதிவை நானே சரிபார்க்கக் கூடாது என்பது விதி. பக்கத்து மாவட்டத்துச் சரிபார்ப்பவருக்கு அது போயிற்று. இரண்டு நாள் கழித்து அவரே உற்சாகமாகக் கூப்பிட்டார். "ஏனுங்க சார், இவ்வளவு அருமையான பதிவ ரெண்டுல ஒன்னுன்னு போட்டு வெச்சிருக்கீங்களே. சாண்டர்ஸ்னே மாத்தீருங்க. நீங்க சொன்னாப் போதும், இப்பவே ஓகே பண்ணீர்றேன்." படத்தில் கால் தெரியவில்லை என்றேன். நெற்றியே போதும், இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர் நீங்கள், உங்கள் கண்ணுக்குத் தெரியாததா என்றார். கையேட்டின் வரிசை, ஆஸ்பத்திரி, காரமடை எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். எங்கே தொடங்குவது என்று புரியவில்லை.

"நான் அதப் பாக்கவே இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "படம் எடுத்ததே நீங்கதானுங்களே சார்."